ஒல்லாந்து மாப்பிள்ளைக்கு ஊர் விசாரித்த கதை

யெல்லே நண்டோடு போராடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்த ஊர்?"

ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. வெளியே மழையும் இல்லை, பனியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று யன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே நண்டுக்கறியின் ஆவி. யெல்லே என் மகள் அபிராவின் சினேகிதன். சினேகிதன் என்றால் என்ன பொருள் என்பதை அன்று காலையில்தான் அவள் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். ஆறடிக்கு மேல் உயரம். ஒல்லாந்துக்காரன். ஒஸ்லோத் துறைமுகத்தில் பொறியியலாளர். நண்டுக்காலை எந்தப் பக்கத்தால் கடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நண்டுக்கு வரைபடம் இல்லையே, பாவம்.

அண்ணை நொர்ஸ்க்கில்தான், அதாவது நோர்வே மொழியில்தான், கேட்டார். பல வருடம் நிலக்கீழ் ரயில் ஓட்டியவர். கதவு மூடுது, விலகி நில்லுங்கோ என்ற தொனியில்தான் அவருக்கு நொர்ஸ்க் வரும்.

"ஹோர்ன்," என்றான் யெல்லே. ஒல்லாந்தில் ஒரு பழைய துறைமுகப் பட்டணமாம்.

"ஹோர்னிலை எந்தப் பக்கம்?"

"ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம்."

"எந்தக் கோயிலடி?"

யெல்லே யோசித்தான். "கிட்ட ஒரு பழைய தேவாலயம் இருந்தது. இப்ப அதுக்குள்ளை சைக்கிள் விக்கினம்."

அண்ணை கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். அவருடைய நீண்ட கால அனுபவத்தில் இப்படி ஒரு பதில் வந்ததே கிடையாது.

"முழுப்பேர் என்ன?"

"யெல்லே நோர்மன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் என்று என் கணவரைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனிப் பழகி என்ன செய்ய. இவர் வழக்கம்போல நண்டைப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், நோர்வேக்காரனை இங்கே நூர்மன் என்பார்கள். ஒல்லாந்துக்காரன் ஒருவன் நோர்வேக்காரன் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நண்டு தின்றுகொண்டிருக்கிறான். யெல்லேயே சிரித்துக்கொண்டு சொன்னான், தன்னுடைய தபால்பெட்டியில் அந்தப் பெயரைப் பார்க்கிற அயலவர்கள் யாரோ பகிடிக்கு எழுதி ஒட்டியது என்று நினைக்கிறார்களாம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், "அது அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றான்.

அவன் போனபிறகு அண்ணை தீர்ப்புச் சொன்னார். "பேரிலையே கள்ளம் கிடக்கு."

சாதியைச் சொல்லாமல் சாதி கேட்பது எப்படி

அண்ணையைத் தெரியாதவர்களுக்கு: பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிறார். குரோருட் பள்ளத்தாக்கில் நடந்த தமிழ்க் கலியாணங்களில் பாதிக்கு அண்ணைதான் விசாரணை அதிகாரி. சம்பளம் கிடையாது, தேத்தண்ணி மட்டும். போன கிழமைப் பத்தியில் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதினதற்கே என்னோடு கோபித்துக்கொண்டார். இந்தக் கிழமை முழுதாகவே எழுதுகிறேன், நடப்பது நடக்கட்டும்.

ஒரு சம்பந்தம் பேச்சுக்கு வந்தால் அண்ணை தொலைபேசியை எடுப்பார். எந்த ஊர்? எந்தப் பக்கம்? எந்தக் கோயில்? ஆற்றை ஆக்கள்? அதாவது யாருடைய ஆட்கள்? பரம்பரையில் சித்தசுவாதீனம் இல்லாதவர்கள் உண்டா? ரொறன்ரோவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், ஊரிலே கோயிலுக்குப் பின்னால் ஒருவர் என்று அவருக்கு ஒற்றர்கள். பொழுதுபடுவதற்குள் அந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறையும் அண்ணையின் வாயில் இருக்கும்.

இதில் சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வராது என்பதைக் கவனியுங்கள். எந்தக் கோயில் என்றால் சாதி. எந்தப் பக்கம் என்றால் சாதி. கிணறு எங்கே என்று கேட்டாலும் சாதி. அந்தச் சொல்லை உச்சரிக்காமல் அதைக் கண்டுபிடிக்கிற கெட்டித்தனத்தை நாங்கள் வேறு எதிலாவது காட்டியிருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்போம். போகத்தான் போனோம், அகதியாக.

அப்படிப்பட்ட அண்ணைக்கு ஹோர்ன் விளங்கவில்லை. தேவாலயத்தில் சைக்கிள் விற்கிறவர்கள் ஆற்றை ஆக்கள்? மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"ஒல்லாந்தன் எங்கடை கோயிலை இடிச்சவனெல்லோ?" என்று அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"இடிச்சது போர்த்துக்கேயன் அண்ணை."

"அப்ப ஒல்லாந்தன் மட்டும் என்ன, கட்டினவனோ?"

நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "பிள்ளை, நான் உன்ரை சந்தோசத்துக்கு எதிரி இல்லை. ஆனா ஆக்களை அறியாமல் நான் தாய்மாமனாய் வந்து நிக்கமாட்டன்."

எனக்கு இந்த நாட்டில் கூடப்பிறந்தது அண்ணை ஒருவர்தான். வடக்கே மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டி என்னை இங்கே கூப்பிட்டவர். அபிராவுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர். அவள் அழ, அவரும் சேர்ந்து அழுதவர். அவர் நிற்காத மணவறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அபிராவோ இரண்டே வசனத்தில் கதையை முடித்தாள். "மாமா வராட்டி எனக்குக் கோயிலும் வேண்டாம், கூறையும் வேண்டாம். நகரசபையிலை கையெழுத்தை வைச்சிட்டு ரெண்டு பேரும் பேர்கனுக்குப் போறம், யெல்லேக்கு அங்கையும் வேலை இருக்கு."

எனக்கு அண்ணையும் வேண்டும், மகளும் வேண்டும், கூறைச்சேலையும் வேண்டும். பேராசைக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

கொளுக்கிக்கு மேலே ஒரு கந்தையா

இந்தக் குடும்பப்பெயர் விவகாரத்தில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

நான் பாலர் பள்ளியில் வேலை செய்கிறவள். வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் வரிசையாகக் கொளுக்கிகள்; ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர்; கீழே ஈரமான பனிச்சட்டை, பிசுபிசுத்த கையுறை, ஒற்றைச் சப்பாத்து. பெயர் எழுதி ஒட்டுவது என் பொறுப்பு. ஒரு நாள் என்னோடு வேலை செய்கிற நோர்வேப் பெண் சொன்னாள், தன் பாட்டன் காலத்துக்கு முன் தங்களுக்கும் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாதாம். ஹான்ஸின் மகன் ஹான்சன். அவன் ஓலா என்றால், அவனுடைய மகன் ஓல்சன். ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பன் பெயர் மாறிக்கொண்டே வரும். பிறகு அரசாங்கம் ஒரு நாள் "போதும், இனி மாற்றாதே" என்று சொல்ல, அப்போது யாருடைய பெயர் இருந்ததோ அது அப்படியே உறைந்துபோனதாம்.

"அட, நீங்களும் எங்கடை ஆக்கள்தான்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

எங்களுக்கும் அதுதானே நடந்தது. இவர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் தகப்பன் பெயரைச் சொன்னார்: கந்தையா. முடிந்தது. என் மாமனார் கந்தையா, வாழ்நாளில் கொழும்புக்குப் போவதையே பெரிய பயணமாக நினைத்த மனிதர், அன்று முதல் குரோருட்டின் தபால்பெட்டியில் இருக்கிறார், பல் வைத்தியரிடம் இருக்கிறார், வரிக் கந்தோரில் இருக்கிறார். பாலர் பள்ளியில் அபிராவின் கொளுக்கிக்கு மேலேயும் அவர்தான் இருந்தார். பள்ளிக்கூட விளையாட்டில் "கமான் கந்தையா!" என்று தங்கமுடிப் பிள்ளைகள் கத்தும்போது நான் ஒருத்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஆகவே நோர்மன் என்ற பெயரில் கள்ளம் இருக்கிறது என்று அண்ணை சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்தப் பெயரில்தான் கள்ளம் இல்லை?

சிவபாதத்தாரின் களப்பணி

அண்ணை சும்மா இருப்பாரா? ஒல்லாந்தில் அவருக்குச் சிவபாதம் என்றொரு பள்ளிக்கூடச் சினேகிதர், வயதில் இளையவர். அவரை ஹோர்னுக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் குசினியில் அண்ணை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துத்தான் கதைப்பார். நானும் கேட்டேன்.

"அண்ணை, நான் கக்கூசுக்குள்ளை நிண்டு கதைக்கிறன்."

"ஏன்ராப்பா, வயித்துக்குள்ளை ஏதுமோ?"

"இல்லையண்ணை. மனிசி என்னைக் கண்டிட்டுது."

நடந்தது இதுதான். சிவபாதத்தார் இரண்டு ரயில் மாறிப் போய், முதலில் பாண் பேக்கரியில் விசாரித்தார். நோர்மன் ஆக்கள் எப்படி என்று கேட்டதற்கு, நீ பொலிசா என்று கேட்டார்கள். பிறகு அந்தத் தேவாலயச் சைக்கிள் கடை. அங்கே அவருக்கு ஒரு சைக்கிள் மணியை விற்றுவிட்டார்கள். கடைசியில் வீட்டையே கண்டுபிடித்துவிட்டார்.

"இஞ்சை ஒருத்தரும் யன்னலுக்குத் திரைச்சேலை போடுறேல்லை அண்ணை. றோட்டிலை நிண்டே முழு வீட்டையும் பாக்கலாம். விசாரணைக்கு நல்ல வசதி. நான் பாத்துக்கொண்டு நிக்க, மனிசி கதவைத் திறந்து என்ன வேணும் எண்டு கேட்டிட்டுது. எனக்குப் பொய் வாயிலை வரேல்லை. கலியாண விசாரணைக்கு வந்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ," என்றேன் நான்.

"அது ஆர்? தங்கச்சியோ? பயப்பிடாதை பிள்ளை, மனிசி சிரிச்சவ. உள்ளை கூப்பிட்டுக் கோப்பி தந்தவ. ஒரு பிஸ்கட்டும் தந்தவ. ஒண்டுதான். தந்திட்டுத் தகரத்தை மூடி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டா."

அண்ணை என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "கையிறுக்கம்."

"அதைவிடு அண்ணை. இது வேற கதை. கக்கூசுச் சுவரிலை ஒரு கலண்டர் தொங்குது. நாளுக்கு நாள் பேர் எழுதிக் கிடக்கு. எல்லாற்றை பிறந்தநாளும். மாமன், மச்சாள், பெறாமகன், செத்த ஆக்களுக்குப் பக்கத்திலை சின்னச் சிலுவை. அண்ணை, அவையின்ரை முழுப் பரம்பரையும் கக்கூசுக்குள்ளை தொங்குது!"

"வாசி," என்றார் அண்ணை.

அந்த மனிதர் வாசித்தார். தையில் இருந்து தொடங்கி. ஹோர்ன் பட்டணத்தில் ஒரு கக்கூசுக்குள் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத குடும்பத்தின் பெயர்களைத் தேவாரம் போல ஒருவர் ஓத, குரோருட்டில் என் அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, அது ஒல்லாந்து முழுக்க இருக்கிற வழக்கமாம். எல்லோரும் தினமும் போகிற இடம் என்பதால் யாருடைய பிறந்தநாளும் மறக்காது. யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கக்கூசு என்ற சொல்லே எங்களுக்கு ஒல்லாந்தன் தந்தது. கந்தோரும் அவன் தந்ததுதான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எங்களை ஆண்டுவிட்டுப் போனவர்கள், உத்தியோகம் பார்க்க ஒரு இடத்துக்கும் அதற்குப் பிறகு போக வேண்டிய இடத்துக்கும் பெயர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அபிரா வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஆரோ ஒரு தமிழ் அங்கிள் யெல்லேன்ரை அம்மா வீட்டுக் கக்கூசுக்குள்ளை நிண்டு அவையின்ரை சொந்தக்காரற்றை பேரெல்லாம் சத்தமாய் வாசிச்சவராம். அவ வெளியிலை நிண்டு கேட்டவவாம். இது உங்கடை வேலையோ, மாமான்ரையோ?"

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். சின்னப்பிள்ளை போல, மூக்கு வழிய வழிய. "எனக்கு வெக்கமாக் கிடக்கு அம்மா. அவன் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஒண்டும்!"

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். எனக்கு வந்த கோபத்தில் அண்ணையை நேருக்கு நேர் கேட்டுவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. "எல்லாரையும் கேக்கிறியள், ஒரு நாளைக்கு உங்களை ஆரும் விசாரிச்சா என்ன சொல்லுவியள்?"

அண்ணையின் முகம் ஒருமாதிரிப் போயிற்று. திருப்பித் திட்டுவார் என்று காத்திருந்தேன். பனிச்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இருக்கிற கதிரை சும்மா கிடந்தது.

மறு விசாரணை

முறியவில்லை. யெல்லேயின் தாயிடமிருந்து செய்தி வந்தது: விசாரணை என்றால் இரண்டு பக்கமும்தானே, நான் ஒஸ்லோவுக்கு வருகிறேன்.

பெயர் தினேக்கே. இவர் முதல் நாளே தினேக்கா ஆக்கிவிட்டார். மகனைப் போலவே உயரம், வெள்ளைத் தலை, ஆண்பிள்ளைச் சப்பாத்து. புருஷன் இல்லை. வந்ததும் ஒரு பெரிய தகரம் பிஸ்கட்டை மேசை நடுவில் வைத்து மூடியைக் கழற்றி, அதைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். சிவபாதத்தாரின் அறிக்கை எப்படியோ அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

"அந்த மாமா எங்கே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

இவர்தான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். "மச்சான், மனிசி உங்களைத்தான் பாக்க வந்திருக்கு. நண்டும் இருக்கு." அண்ணை வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, பொலிசுக்குக் கூப்பிட்ட ஆள் மாதிரி வந்து அதே கதிரையில் இருந்தார்.

தினேக்கா ஆங்கிலமும் ஒல்லாந்துமாகச் சொல்ல, யெல்லே கொஞ்சம் திருத்த, அபிரா தமிழாக்கினாள்.

பெயரின் கதை இதுதான். பல தலைமுறைகளுக்கு முன், நோர்வேயின் தென்கரையில் இருந்து ஒரு பெடியன் மரம் ஏற்றுகிற கப்பலில் ஹோர்னுக்குப் போனான். அந்தக் காலத்தில் ஒல்லாந்துப் பட்டணங்களைக் கட்டியதே இங்கிருந்து போன மரம்தானாம். மரத்தோடு மனிதர்களும் போனார்கள். பெடியன்கள் மாலுமியாக, பெட்டைகள் வீட்டு வேலைக்கு. இங்கே வயிற்றுக்கு இல்லை, அங்கே வேலை இருந்தது.

அந்தப் பெடியனுக்குக் குடும்பப்பெயர் இல்லை. தன் பெயரும் தகப்பன் பெயரும்தான். அது ஹோர்ன்காரர் வாயில் நுழையவில்லை. நோர்வேக்காரன் என்று கூப்பிட்டார்கள்: நோர்மன். அவன் அங்கேயே கலியாணம் கட்டினான். பிள்ளைகளுக்கு ஒல்லாந்து மொழி மட்டும்தான் தெரியும். அவர்களும் நோர்மன். பேரப்பிள்ளைகளும் நோர்மன். ஒருவன் கிழக்கே போகிற கம்பனிக் கப்பலில் ஏறினான், திரும்பி வரவேயில்லை.

"யாழ்ப்பாணக் கோட்டையிலை காவல் நிண்டிருப்பான்," என்றார் இவர்.

பிறகு பிரெஞ்சுக்காரன் ஒல்லாந்தைப் பிடித்திருந்த காலத்தில், எல்லோரும் குடும்பப்பெயர் பதிய வேண்டும் என்று கட்டளை வந்ததாம். நோர்மன் ஆக்கள் ஊரார் வைத்த பட்டத்தையே பதிந்துவிட்டார்கள். வேறு பெயர்களும் இருக்கின்றனவாம். பிறந்தமேனியாய்ப் பிறந்தவன் என்று பொருள்படும் பெயரோடுகூட அங்கே குடும்பம் இருக்கிறது என்றான் யெல்லே.

"அந்த ஆக்களோடை உங்களுக்குச் சம்பந்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று அண்ணை அவசரமாகக் கேட்டார். பழக்கதோஷம்.

"என்ரை புருஷன் ஒரு நாளும் நோர்வேயைக் கண்டதில்லை," என்றார் தினேக்கா. "சாகும்வரைக்கும் அவர் நோர்வேக்காரன்தான்."

அதைத் தமிழாக்கிவிட்டு அபிரா தன்பாட்டில் ஒரு வசனம் சேர்த்தாள். "நான் இஞ்சை பிறந்தனான். இஞ்சை படிச்சனான். என்னை ஒருத்தனும் நோர்வேக்காரி எண்டு சொல்லேல்லை. உண்மையா எங்கையிருந்து வந்தனீ எண்டுதான் கேப்பாங்கள். இவை காலங்காலமா அங்கை இருந்தும் நோர்வேக்காரராம். உது நியாயமோ?"

நியாயமில்லைதான். சிரித்தோம். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்கட்டைக் கையில் வைத்து, யெல்லே அன்று நண்டைப் பார்த்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தினேக்கா அவர் பக்கம் திரும்பினார். "இப்ப உங்கடை முறை. உங்கடை ஆக்கள் எங்கையிருந்து?"

எத்தனையோ பேரிடம் அண்ணை கேட்ட கேள்வி. முதலில் அப்பாவின் பெயர் சொன்னார். அப்பப்பாவின் பெயர் சொன்னார்.

"அதுக்கு முன்னம்?"

நான் ஏதாவது புளுகுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணைக்கு அது வராத கலையும் அல்ல. ஆனால் அவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"வரத்தர்."

வரத்தன் என்றால் வந்தவன். ஊரிலே பிறக்காமல் வெளியிலிருந்து வந்து குந்தியவன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை ஒரு குடும்பத்தின்மேல் ஒட்டிவிட்டால் பிறகு உரித்தெடுக்க முடியாது.

"அப்பப்பான்ரை தேப்பன் அக்கரையிலையிருந்து வள்ளத்திலை வந்தவர். எந்த ஊர், ஆற்றை ஆள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவர் சொல்லவுமில்லை. எங்கடை வளவை வரத்தன் வளவு எண்டுதான் சொல்லுறவை. நீ சின்னப்பிள்ளை, உன்ரை காதிலை விழாமல் பாத்தனாங்கள்." தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்கு முதல் வந்த சம்பந்தம் ஏன் நிண்டது தெரியுமோ?"

"செவ்வாய்க்குற்றம் எண்டு சொன்னியள்."

"உனக்குச் செவ்வாயுமில்லை, வியாழனுமில்லை. வரத்து ஆக்கள் எங்களுக்குச் சரிவராது எண்டு எங்கடை வாசல் படலையடியிலை வைச்சுச் சொல்லிப்போட்டுப் போனவை. நான்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு நினைச்சனான், இனி ஆரும் என்னைக் கேக்க முன்னம் நான் கேட்டுப்போடோணும் எண்டு. கேக்கிறவனை ஒருத்தரும் திருப்பிக் கேக்கிறேல்லை பிள்ளை."

நான் அழுதேன். இத்தனை காலமும் இந்த மனிதர் அதைத் தனியே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார், என் காதில் விழக்கூடாது என்பதற்காக. அழுது முடித்ததும் கோபம் வந்தது. செவ்வாய்க்குற்றம் என்று நம்பி எத்தனை செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தேன்! நவக்கிரகத்தைச் சுற்றிச் சுற்றித் தலை சுற்றினேனே! அந்தப் பசிக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

"எனக்குத் தெரியும்," என்றார் இவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"என்ன தெரியும்?"

"வரத்தன் வளவு எண்டு. எங்கடை பக்கமும் விசாரிச்சவைதானே."

"தெரிஞ்சோ கட்டினனீங்கள்?" என்றேன் நான்.

"நல்லா நண்டுக்கறி வைப்பாள் எண்டும் சொன்னவை," என்று சொல்லிவிட்டுக் கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

தினேக்காவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்தார். அபிரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: மாமாவின் ஆக்களும் எங்கிருந்தோ கடலால் வந்தவர்கள், ஊரார் வந்தவன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தினேக்கா தலையாட்டினார். பிஸ்கட் தகரத்தை அண்ணையின் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்டு எடுங்கோ."

அண்ணை எடுத்தார்.

பிறகு தினேக்கா அவருடைய பிறந்தநாளைக் கேட்டார். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாதகம் பாக்கவோ?" என்று நாள், மாதம், நட்சத்திரம், இலக்கினம் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அபிரா நாளையும் மாதத்தையும் மட்டும் மொழிபெயர்த்தாள்.

இரண்டாவது அழைப்பு

கலியாணம் நடந்தது. அண்ணை தாய்மாமனாக நின்றார். தலைப்பாகை கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க நின்றார். அபிரா கந்தையாவாகவே இருக்கிறாள், யெல்லே நோர்மனாகவே இருக்கிறான். பிள்ளை பிறந்தால் கொளுக்கிக்கு மேலே என்ன எழுதுவது என்று அவர்கள் பாடு. பேர்கன் கதை அதோடு நின்றுபோனது.

அடுத்த கோடையில் நாங்கள் எல்லோரும் ஹோர்னுக்குப் போனோம். திரைச்சேலை இல்லாத அந்த யன்னலுக்கு உட்பக்கம் இருந்து கோப்பி குடித்தோம். தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அண்ணை எழும்பிக் கக்கூசுக்குப் போனார். போனவர் வரவில்லை. தினேக்கா ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, எனக்குக் கோப்பி ஊற்றுவதில் கவனமாக இருந்தார்.

என் தொலைபேசி அடித்தது. அண்ணை.

"பிள்ளை, நான் கக்கூசுக்குள்ளை நிண்டு கதைக்கிறன்."

"என்ன அண்ணை, வயித்துக்குள்ளை ஏதுமோ?"

"இல்லை. இஞ்சை என்னை எழுதிக் கிடக்கு." குரல் சரியில்லை. "கலண்டரிலை. என்ரை நாளிலை."

"என்னெண்டு எழுதிக் கிடக்கு?"

கதவுக்கு அந்தப் பக்கம் மூக்குச் சீறுவது எனக்கு நேராகவே கேட்டது.

"பேர்தான். எந்த ஊர், ஆற்றை ஆள் எண்டு ஒண்டும் இல்லை. வெறும் பேர்."

வெளியே வாங்கோ, கோப்பி ஆறுது என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன் என்றார்.